ஆங் என்றால் ஆமாம்

எங்கள் பக்கத்தில் யாரும் ஆமாம் என்று சொல்வதில்லை. ஆங் என்போம். சாப்பிட்டாயா என்றால் ஆங். பஸ் போய்விட்டதா என்றால் ஆங். பெண்ணுக்குச் சம்மதமா என்று கேட்டால்கூட ஆங்தான், கொஞ்சம் மெதுவாக வரும், அவ்வளவுதான் வித்தியாசம். திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டு போகும் சாலையில் இறங்கி உள்ளே நடந்தால் எங்கள் ஊர். ஒரு வீட்டில் தெலுங்கு, அடுத்த வீட்டில் தமிழ், எல்லா வீட்டிலும் அப்பாவுக்கு நைனா என்று பெயர். இரண்டு பாஷைக்காரர்களும் சண்டையில்லாமல் பங்கிட்டுக்கொண்ட சொல் ஆங்.

என் நைனாவுக்கு அந்த ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது. அவர் ஊமையல்ல. கரும்பு வெட்ட வருகிறவர்களிடம் பேசுவார், டிராக்டர் மெக்கானிக்கிடம் தொண்டை வற்றச் சண்டை போடுவார். என்னிடம் மட்டும், நான் வளர வளர அவர் பேச்சு குறைந்துகொண்டே வந்து, கடைசியில் அந்த ஒற்றைச் சொல்லில் நின்றுவிட்டது. ஆனால் அதை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். வெட்டிச் சொன்னால் ஆமாம். இழுத்துச் சொன்னால், சொல்லு, கேட்டுகினுதான் இருக்கேன். கடைசியில் தூக்கிச் சொன்னால், இன்னா சொன்ன, புரியல. மூக்குக்குள் மெதுவாகச் சொன்னால், போவட்டும் உடு, அழாத. இந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். வெளியாட்களுக்குத் தெரியாது.

அந்தச் சொல்லால்தான் நான் பந்தயம் ஓட்ட வந்தேன். அதே சொல்லால் எனக்கு வரவேண்டிய கார் கைவிட்டுப் போனது. நான் இழந்தது அந்தக் காரை மட்டும்தான் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆரம்பம் இப்படி. நான் ஐந்தாம் வகுப்பு முடித்த விடுமுறை. என் அத்தை மகன், நான் பாவா என்று கூப்பிடுகிறவர், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். முதல் சம்பளம் வாங்கிய குஷியில் நைனாவையும் என்னையும் நெடுஞ்சாலையோரம் இருந்த ஒரு கார்ட் மைதானத்துக்குக் கூட்டிப்போனார். கார்ட் என்றால் என்ன என்று எங்கள் யாருக்கும் தெரியாது. ஓர் இரும்புச் சட்டம், நான்கு சின்னச் சக்கரம், பக்கத்தில் இன்ஜின், தரையை உரசாத குறையாக ஓர் இருக்கை. கூரை கிடையாது, கதவு கிடையாது, பெல்ட்கூடக் கிடையாது. பாவா இரண்டாவது வளைவிலேயே சுற்றிப்போய் டயர் அடுக்கில் முட்டிக்கொண்டு நின்றார். நான் அவரைச் சுற்றிக்கொண்டு போனேன். திரும்ப வந்தேன். திரும்பவும் போனேன். யாரோ கொடி காட்டியும் நான் நிறுத்தவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒருவர் நைனாவிடம் வந்தார். "சார், டாட்டருக்கு லைன் நேச்சுரலா வருது. ஜூனியர் டிரையல்ஸ்க்கு ரெஜிஸ்டர் பண்ணிடலாமா?" என்று மூச்சுவிடாமல் கேட்டார்.

"ஆங்" என்றார் நைனா.

தூக்கிச் சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்கு அது, இன்னா, என்றுதான் கேட்டது. அட்டைக்காரருக்கு, சரி, என்று கேட்டது. பெயரை எழுதிக்கொண்டு போய்விட்டார். விஷயம் புரிந்த பிறகு நைனா போய் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. "எழ்திகினு பூட்டாரு. இன்மேல போயி இல்லன்னா நல்லாவா இருக்கும்?" என்று பாவாவிடம் சொன்னார். இப்படி, ஒரு மனிதர் மரியாதைக்குக் கட்டுப்பட்டதால் நான் பந்தய ஓட்டுநர் ஆனேன். இதற்கு எவ்வளவு செலவானது என்று மட்டும் இங்கே சொல்லப்போவதில்லை. ஊரில் எல்லாரும் அதை ஒன்றைத்தான் கேட்டார்கள்.

பழைய கார்ட் ஒன்று வந்தது. மாட்டுக்கொட்டகையில் டிராக்டருக்குப் பக்கத்தில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தோம். பந்தயம் உள்ள வாரங்களில் அதைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு நைனாவும் நானும் கிளம்புவோம். அம்மா வரமாட்டாள். ஒரே ஒரு முறை செல்போனில் வீடியோ பார்த்துவிட்டு, "இத்த இன்மேல எங்கிட்ட காட்டாதீங்க" என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பதிலாகக் கிருத்திகைக்குக் கிருத்திகை மலை ஏறிப் போய் விபூதி வாங்கிவந்து என் நெற்றி நிறையப் பூசி அனுப்புவாள். ஹெல்மெட்டுக்குள் வியர்த்தால் அந்த விபூதி கரைந்து கண்ணில் இறங்கும். ஒரு பந்தயத்தில் பாதிக் கண்ணோடு ஓட்டினேன். அதற்குப் பிறகு பொட்டலமாக வாங்கி ஹெல்மெட்டின் உள் பஞ்சுக்குள் செருகிக்கொள்வேன்.

ஓர் ஆடிக் கிருத்திகை அன்றைக்கு எங்களுக்குப் பந்தயம் விழுந்தது. காலையில் கிளம்பித் திருத்தணியைத் தாண்டினால் சாலை முழுக்கக் காவடி. அரக்கோணம் பக்கமிருந்தும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமிருந்தும் மஞ்சள் துணிக்காரர்கள் அரோகரா போட்டுக்கொண்டு மலையைப் பார்த்து வருகிறார்கள். எங்கள் வண்டி ஒன்றுதான் எதிர்த்திசையில் ஊர்ந்தது. தார்ப்பாய் மூடிய உருவத்தைப் பார்த்து ஏதோ சாமி சப்பரம் என்று நினைத்த ஓர் அம்மாள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.  எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்ச நேரத்தில் அழுகை வந்தது. என் வகுப்புப் பெண்கள் எல்லாரும் அந்தக் கூட்டத்தில் வளையல் கடைகளின் முன்னால் நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஊரே ஒரு பக்கம் போகும்போது நான் மட்டும் மறுபக்கம் போகிறேன் என்பது அன்றுதான் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி தெரிந்தது.

பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமைகளில் அவர்கள் அரக்கோணத்தில் பார்த்த படத்தைப் பற்றிப் பேசுவார்கள். எனக்குச் சொல்ல இருந்ததெல்லாம் கைக் கொப்புளமும் விலாவில் கன்றிய தடமும்தான். தடத்தைப் பார்த்துவிட்டு ஒரு டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் அடிக்கிறார்களா என்று கேட்டார். இல்லை டீச்சர், கார்ட் சீட் இடித்தது என்றேன். அவர் நம்பவில்லை. அதற்குப் பிறகு என்னிடம் ஒரு நோயாளியிடம் பேசுவது போலவே பேசினார், அது எனக்குக் கோபமாக வந்தது.

சரி, மைதானத்திலாவது சிநேகிதம் கிடைத்ததா என்றால், அதுவும் ஒரு மாதிரியாகத்தான் கிடைத்தது. கூல்டிரிங்ஸைப் பங்கிட்டுக் குடிப்போம், ஒருவர் கையுறையை ஒருவர் போட்டுப் பார்ப்போம். ஆனால் டயரில் காற்று எவ்வளவு வைத்தாய் என்று கேட்டால் எல்லாரும் பொய்தான் சொல்வோம். அடுத்த படிக்குப் போக இருக்கிற இடம் கொஞ்சம், நாங்கள் அதிகம். நீ போனால் நான் போக முடியாது என்பதை மனதில் வைத்துக்கொண்டு சிரித்துப் பேசுவதற்குப் பிள்ளைகள் சீக்கிரம் பழகிவிடுகிறார்கள். பெண் பிள்ளை நான் ஒருத்திதான் என்பதால் உடை மாற்றக் கழிப்பறைக்குப் போய்வருவதற்குள் அந்தச் சிரிப்பும் முடிந்திருக்கும்.

ஆனால் ஒரு சுற்றில் ஒரே ஒரு வளைவில் நான் தனியாக இல்லை. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நைனா நிற்பார், பச்சைத் துண்டோடு. கார்ட்டில் ரேடியோ கிடையாது. யாரும் எதுவும் சொல்ல முடியாது. ஆகவே நாங்களாக ஒரு முறை வைத்துக்கொண்டோம். துண்டு தோளில் கிடந்தால் எல்லாம் சரி. கையில் தொங்கினால் பின்னால் ஒருவன் ஒட்டிக்கொண்டு வருகிறான். தலையில் கட்டியிருந்தால் பின்னால் ஆளே இல்லை, நிதானமாக வா. யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை, பேசி வைத்துக்கொண்டதும் இல்லை. அவர் செய்ததை நான் புரிந்துகொண்டேன், நான் புரிந்துகொண்டதை அவர் புரிந்துகொண்டார். மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் வேலியைப் பிடித்துக்கொண்டு கத்துவார்கள். இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்று அவர்களுக்கு யார் சொல்வது.

பிறகு கார்ட் வயது முடிந்தது. அடுத்தது ஃபார்முலா கார். சக்கரங்கள் வெளியே தெரிகிற, ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய நிஜப் பந்தயக் கார். அதற்குப் போகும்போது நைனா என்னிடம் மூன்று வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேசினார். "கார்ட்டு வரைக்கும் நான் இஸ்துகினு வந்துட்டேன் பாப்பா. காருக்கு என்னால ஆவாது. நீயே எதனா பார்த்துக்கோ."

நான் பார்த்துக்கொண்டேன். கோயம்புத்தூர்ப் பக்கத்து மைதானத்தில் ஒரு கம்பெனி தேர்வு வைத்தது. நாடு முழுவதிலுமிருந்து கார்ட் பிள்ளைகள். தொடர்ந்து பல பந்தயம், ஒவ்வொன்றிலும் ஆள் கழிந்துகொண்டே போகும், கடைசிப் பந்தயத்தில் முன்னால் வருகிற ஒருவருக்கு அடுத்த வருடம் முழுக்க அவர்கள் செலவில் கார். மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம். எனக்கு வீடு என்றால் கரும்பும் மூடிய தார்ப்பாயும் அரக்கோணம் காலேஜ் பஸ்ஸும்தான் என்று தெரிந்திருந்தது. அந்தக் காரைத் தவிர எனக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை.

அங்கே பெற்றோர்கள் வேலியோரம் நிற்கக் கூடாது. தூரத்தில் படிக்கட்டு மேடை, அதில்தான் உட்கார வேண்டும். முதல் நாள் வளைவுக்கு வளைவு தேடினேன். குடைகளும் விளம்பரத் தட்டிகளும்தான் தெரிந்தன. பச்சைத் துண்டு எங்கேயும் இல்லை. அதற்குப் பதிலாக என் காதுக்குள் ஒரு குரலை வைத்தார்கள்.

அந்தக் குரல் என் காரைக் கவனித்துக்கொண்ட இன்ஜினியருடையது. கோயம்புத்தூர்க்காரர், நல்ல மனிதர், மரியாதை சொட்டச் சொட்டப் பேசுவார். எல்லாரிடமும் ஆங்கிலத்தில் பேசியவர், நான் யோசித்து யோசித்து விடை சொல்வதைப் பார்த்துவிட்டு என்னிடம் மட்டும் தமிழுக்கு மாறினார். "நான் சொன்னது கேட்டுச்சுன்னா 'காப்பி'ன்னு சொல்லுங்க. அது போதுமுங்க" என்றார். அது ரேடியோக்காரர்கள் எல்லாருக்கும் பொதுவான சொல். நீ சொன்னது வந்து சேர்ந்தது, புரிந்தது என்று பொருள். அன்று சாயங்காலம் இதைப் போனில் அம்மாவிடம் சொன்னேன். "ஓட்டிகினு இருக்க சொல்லவே காப்பி குடுக்கறாங்களா?" என்று கேட்டாள். அந்த முகாமில் நான் மனம்விட்டுச் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

பயிற்சியில் ஒழுங்காகக் காப்பி காப்பி என்றுதான் சொன்னேன். தேர்வுகளில் முன்னேறினேன். கடைசிப் பந்தயத்தில் முதலில் ஓடிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் என் அணியிலேயே இன்னொரு கார், சென்னைப் பையன் ஒருவன். எங்கள் இருவருக்கும் சேர்த்து டயர் மாற்ற ஒரே குழு. யார் வருவதாக முதலில் உறுதி சொல்கிறாரோ அவருடைய டயரை வெளியே எடுத்து வைப்பார்கள். அதுதான் அங்கே விதி, எங்களுக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள்.

மலைப்பக்கமிருந்து மழை வந்தது. தூறலாகத்தான் ஆரம்பித்தது. ஹெல்மெட்டின் கண்ணாடியில் துளிகள் ஓட, தரை மினுங்க, பிரேக் மிதித்தால் கார் கேட்காமல் முன்னே நழுவியது. எனக்குக் கழுத்து வரை பயம், ஆனால் கை சரியாக வேலை செய்தது. அப்போது காதில் குரல் வந்தது.

"மழை வலுக்குதுங்க. இந்தச் சுத்து முடிஞ்சதும் டயர் மாத்த உள்ள வர்றீங்களா?"

"ஆங்" என்றேன்.

வேறு எதைச் சொல்வேன்? வருகிறாயா என்று ஒருவர் தமிழில் கேட்டால் எங்கள் ஊரில் பிறந்தவள் ஆங் என்பாள். ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் காப்பி வந்திருக்கும் என்று பிறகு எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். அவர் என்மேல் வைத்த பிரியத்தால் தமிழில் கேட்டார்.

"டயர் மாத்த வர்றீங்களான்னு கேட்டேனுங்க" என்றது குரல், இன்னும் நிதானமாக.

"ஆங்!"

"கேக்கலீங்களா? மறுபடி சொல்றேன். மழை டயர் ரெடி பண்ணட்டுங்களா?"

"ஆங்! ஆங்!" கத்தினேன். ஸ்டீயரிங்கை ஒடித்துக்கொண்டு, கோபம் தலைக்கேற, இவருக்கு இன்னும் எத்தனை முறை சொல்வது என்று கத்தினேன். ரேடியோவில் இழுப்பும் தூக்கலும் போய்ச் சேராது. இன்ஜின் இரைச்சலில் எல்லா ஆங்கும் ஒரே ஆங். நான் கத்தக் கத்த அவர் இன்னும் பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வதைப் போலத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

உள்ளே வந்தேன். என் இடம் வெறுமையாக இருந்தது. பக்கத்து இடத்தில் சென்னைப் பையனின் டயர்கள் வரிசையாக எடுத்து வைக்கப்பட்டு, குழு மொத்தமும் அங்கே நின்றது. அவன் ஒரே ஒரு முறை காப்பி என்று சொல்லியிருந்தான். ஒருவர் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார், இரு, என்று. அவன் எனக்குப் பின்னால் வந்தான், எனக்கு முன்னால் போனான். நான் பெல்ட்டில் கட்டுண்டு, மடியில் மழை பெய்ய உட்கார்ந்திருந்தேன். குழுக்காரர்கள் அங்கேதான் இருந்தார்கள், எட்டினால் தொட்டுவிடலாம். காதிலும் யாரோ பேசிக்கொண்டிருந்தார். ஆனால் எனக்கு ஆளே இல்லாத மாதிரி இருந்தது. அவ்வளவு தனியாக அதற்கு முன்னால் நான் இருந்ததில்லை.

கார் அவனுக்குப் போனது. நன்றாக ஓட்டுகிறவன்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இன்ஜினியர் கார் நிறுத்தும் கொட்டகைக்கு என்னைத் தேடி வந்தார். முகம் செத்திருந்தது. "நீங்க 'ஆங்? ஆங்?'ன்னு என்னையக் கேக்கறீங்கன்னு நெனச்சுட்டேனுங்க" என்றார்.

"எங்க ஊர்ல ஆங்னா ஆமாம்" என்றேன்.

"எங்கூர்ல ஆங்னா என்னன்னு கேக்கறதுங்க."

 அவரைத் திட்டலாம் என்றுதான் இருந்தேன். திட்டுவதற்கு அவர் ஏதாவது தவறு செய்திருக்க வேண்டுமே.

மறுநாள் காலை நைனாவும் நானும் குட்டியானையில் ஊருக்குக் கிளம்பினோம். பின்னால் ஏற்றுவதற்கு ஒன்றுமில்லாததால் வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் குதித்தது. ஈரோடு தாண்டியது. சேலத்துக்கு முன்னால் ஒரு டீக்கடையில் நிறுத்தினார். "இன்னா ஆச்சி பாப்பா?" என்றார்.

நான் அதை வேடிக்கைக் கதையாகச் சொன்னேன். அழாமல் சொல்ல அது ஒன்றுதான் வழி. இன்ஜினியர் குரலை ஒரு தரம் பேசிக்காட்டினேன், என் குரலை ஒரு தரம் பேசிக்காட்டினேன். ஆங், ஆங், ஆங் என்று கையை ஆட்டிக் காட்டினேன். டீ போடுகிறவர்கூடச் சிரித்தார். நைனா சிரிக்கவில்லை. கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

"ஆங் சொல்லாம வேற இன்னா சொல்லணும்னு சொன்னாங்க?" என்று கேட்டார்.

"காப்பி."

"காப்பி" என்று ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு டீயைக் குடித்துவிட்டு வண்டியை எடுத்தார். ஊர் வரும்வரை துண்டு தோளிலேயே கிடந்தது.

அதற்குப் பிறகு ஒரு வருடம் அரக்கோணம் காலேஜுக்குப் போய்வந்தேன். அந்த வருடத்தைப் பற்றி எழுத எதுவுமில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, முன்னால் போகிற வண்டியை இந்த டிரைவர் எந்த இடத்தில் முந்தவேண்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போவேன். பிறகு அதே இன்ஜினியர் கூப்பிட்டார். அவர் கூரையுள்ள சாதாரணக் கார்களை வைத்துப் பந்தயம் நடத்தும் ஓர் அணிக்கு மாறியிருந்தார். காரை ஓட்டிப் பார்த்து என்ன குறை என்று சொல்ல ஆள் வேண்டும் என்றார். போனேன். சொல்வதிலிருந்து ஓட்டுவதற்கு வந்தேன். இப்போது சம்பளத்துக்கு ஓட்டுகிறேன். ஊரில் கனவு கண்ட ஃபார்முலா கார் இல்லை, ஆனாலும் இது தொழில். மைதானத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை. பந்தயம் இல்லாத நாட்களில் வாடிக்கையாளர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பிரேக்கை இங்கே மிதியுங்கள் சார் என்று சொல்கிறேன். கூடப் படித்த பெண்களின் கல்யாணப் பத்திரிகைகள் போனுக்கு வருகின்றன. எல்லாக் கல்யாணமும் பந்தயம் உள்ள ஞாயிற்றுக்கிழமையில்தான் வருகிறது. சாயங்காலம் அறைக்கு வந்து தயிர்சாதம் பிசைந்துகொண்டு வீட்டுக்குப் போன் போடுவேன்.

நான் அறைக்கு வந்த முதல் வாரமே அது ஆரம்பித்தது. "நைனா, வந்து சேர்ந்துட்டேன், ரூம் நல்லா இருக்குது" என்றேன்.

"காப்பி" என்றார்.

விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரிக்கிறார் என்று நினைத்தேன். மறுநாளும் அதே. அதற்கடுத்த வாரமும் அதே. சாப்பிட்டீர்களா என்றால் காப்பி. மழை பெய்ததா என்றால் காப்பி. ஊரில் அவரைக் கிண்டல் செய்தார்கள், "உங்க ஊட்ல டீ போடறது இல்லியா?" என்று. அவர் விடவில்லை.

கிண்டல் தீர்ந்த பிறகுதான் எனக்கு வலித்தது. காப்பி என்பது பேச்சை முடித்துவைக்கும் சொல். வந்து சேர்ந்தது, அவ்வளவுதான், வைத்துவிடு. நைனாவின் நீண்ட ஆங் அப்படியல்ல. அது, இன்னும் சொல்லு, என்று கேட்கும். அதைப் பிடித்துக்கொண்டு நான் சின்ன வயதில் எதையெல்லாம் சொல்லியிருக்கிறேன். டயர் காற்றில் பொய் சொன்ன பையனைப் பற்றி, டீச்சரைப் பற்றி, வயிற்று வலியைப் பற்றி. இப்போது ஒரு வாக்கியம் சொல்வேன், காப்பி என்பார், அடுத்த வாக்கியத்துக்கு இடமிருக்காது. எங்கள் போன் பேச்சு சாதம் பிசைவதற்குள் முடிந்துவிடும்.

ஒரு பந்தயத்தில் கார் உருண்டு மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டேன். எவ்வளவோ அடக்கியும் அழுதுவிட்டேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. மூக்குக்குள் மெதுவாக ஒரு ஆங் வரும் என்று காத்திருந்தேன். அது வந்திருந்தால் அந்த நிமிடம் தூங்கியிருப்பேன். "காப்பி, பாப்பா" என்றார். குரல் நடுங்கியது. நான் போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கை கட்டோடு ஊருக்குப் போனேன். அன்று கிருத்திகை. அம்மா மலையிலிருந்து வந்து, விபூதியை இந்த முறை கட்டின்மேலேயே பூசிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். நைனா பின்பக்கம் டிராக்டருக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தார். அம்மா உள்ளேயிருந்து கேட்டாள், "சோறு போடட்டா?"

"ஆங்" என்றார் நைனா.

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்து வயல்காரர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, தண்ணி பாய்ச்சியாச்சா என்று தெலுங்கில் கேட்டார். அவருக்கும் ஆங். பிறகு அவர் ஏதோ நீளமாகச் சொல்ல ஆரம்பித்தார், நைனா அதற்கு ஒரு நீண்ட ஆங் கொடுத்தார், கேட்டுகினுதான் இருக்கேன், என்கிற அந்த ஆங். ஊரில் எல்லாருக்கும் அது கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. எனக்கு ஒருத்திக்குத்தான் இல்லை.

பின்பக்கம் போனேன். "எல்லார்கிட்டயும் ஆங் சொல்ற. எங்கிட்ட மட்டும் இன்னாத்துக்கு நைனா காப்பி?" என்று கேட்டேன். 

அவர் கிரீஸ் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எங்கிட்ட இருந்துதான அது உன் வாய்க்கு வந்துச்சி" என்றார். "ஒரு தபா போய்ச்சி. நான் சொல்லிகினே இருந்தா உனக்கும் வாயில நிக்கும். நீ வண்டி ஓட்றவ. மறுபடி என்னால ஆவக்கூடாது."

டீக்கடையிலிருந்து இன்றுவரை அவர் இதைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். நான் சிரித்துச் சொன்ன கதையை அவர் மட்டும் சிரிக்காமல் எடுத்துப்போய் உள்ளே வைத்துக்கொண்டார். என்னிடம் பேச அவருக்கு இருந்ததே ஒரு சொல். அதையும் எனக்காக விட்டுவிட்டு, அர்த்தம் சரியாகத் தெரியாத வேறொன்றை இத்தனை நாளாக மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கட்டில்லாத கையால் அவர் துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டேன். "ரேடியோல நான் காப்பின்னுதான் சொல்றேன் நைனா, ஒரு தபாகூடத் தப்பல. ஆனா உங்கிட்ட எனக்கு ஆங்தான் வேணும். அது இல்லாம அங்க ரூம்ல என்னால இருக்க முடியல. இன்மேல எங்கிட்டயும் ஆங்னே சொல்லு. சொல்றியா?"

நைனா என்னையே பார்த்தார். கண் கலங்கியிருந்தது. எனக்குப் பிடிக்கிற மாதிரி, ஒரு வார்த்தை பிசகாமல் பதில் சொல்லிவிட வேண்டும் என்று அவர் எவ்வளவு கவனமாக இருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது. தலையை ஒருமுறை அழுத்தமாக ஆட்டினார்.

"காப்பி" என்றார்.